பிள்ளைக்கு வளர்ச்சிப் பரிசோதனை: ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போகும் முன்னும் பின்னும்

பேச்சு தாமதமான பிள்ளையின் வீட்டில் தவறாமல் கேட்கும் ஆறுதல் ஒன்று உண்டு: "இவன் பாட்டாவும் நாலு வயசிலதான் பேசினாரு." பேசியிருப்பார். ஆனால் அந்த நாலு வயது வரை அவருக்குக் காது சரியாகக் கேட்டதா, கூப்பிட்டால் திரும்பினாரா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆகவே பாட்டாவை விட்டுவிட்டு பிள்ளையைப் பாருங்கள்.

12 மாதத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 18 மாதத்தில் நடக்கவில்லை, 24 மாதத்தில் "பால் தா" மாதிரி இரண்டு சொல் சேரவில்லை என்றால் காட்டியாக வேண்டும். பேசிக்கொண்டிருந்த சொல் காணாமல் போனால் வயதே பார்க்க வேண்டாம், அந்த வாரமே போங்கள். குறைமாதப் பிள்ளைக்கு மட்டும் ஒரு கழித்தல் கணக்கு இருக்கிறது. 32 வாரத்தில் பிறந்தால் 40 வாரத்துக்கு 8 வாரம் குறைவு; 10 மாதப் பிள்ளையை ஏறக்குறைய 8 மாதமாக வைத்துப் பார்க்க வேண்டும். இந்தக் கழிவு இரண்டு வயது வரைதான்.

பலர் கவனிக்காதது சுட்டுவிரல். பிஸ்கட் டப்பாவைக் காட்டிக் கேட்பது ஒன்று. மதில்மேல் இருக்கும் காக்கையைக் காட்டிவிட்டு, நீங்களும் அதைப் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது வேறு. இந்த இரண்டாவது வகை ஒன்றரை வயதிலும் வரவில்லை என்றால், பிள்ளை நாலைந்து சொல் பேசினாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். உங்கள் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஃபிரிட்ஜ் கதவில் வைப்பது சுட்டுவது ஆகாது. "வேணும்னா தெளிவா கேப்பான்" என்று வீட்டில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

நம் குமரி மாவட்டத்தில் விளவங்கோடு பக்கம் வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவதால்தான் பேச்சு தாமதம் என்பார்கள். இரண்டு மொழி பேச்சைக் கெடுக்காது. எண்ணும்போது இரண்டு மொழிச் சொல்லையும் சேர்த்து எண்ணுங்கள்.

ஒரு தாளும் நாலு வீடியோவும்

கூட்டமான ஓ.பி.யில் டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடம். பிள்ளை அப்போது அழும், அல்லது பொம்மையாக உட்கார்ந்திருக்கும். அதனால் நீங்கள் கொண்டுபோகும் தாள்தான் பாதி வேலை செய்யும். "பேச்சு வரல்ல, ரொம்ப சேட்டை" என்று எழுதினால் அதை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்: "வயது 2 வருடம் 3 மாதம். சொல் 3: அம்மா, தா, ஆனை. ஆனை போன மாதத்திலிருந்து இல்லை. பின்னால் நின்று 10 தடவை கூப்பிட்டால் 2 தடவை திரும்புகிறான். டிவி விளம்பரப் பாட்டுக்கு ஓடி வருகிறான். நடந்தது 14 மாதத்தில். கைபேசி நாளைக்கு 3 மணி நேரம்." கைபேசி நேரத்தைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். திட்டுவார்கள் என்று மறைத்தால் கணக்கு தப்பும்.

வீடியோ ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் போதும்: தனியாக விளையாடுவது, பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவது, சாப்பிடுவது, படி ஏறுவது. "சொல்லு மக்ளே, சொல்லு" என்று பின்னணியில் கெஞ்சாதீர்கள். பிள்ளை தானாக என்ன செய்கிறது என்பதுதான் வேண்டும்.

தாய் சேய் நல அட்டை, பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி, இன்குபேட்டரில் வைத்திருந்தால் அந்தச் சீட்டு, மஞ்சள் காமாலைக்கு லைட் வைத்த விவரம், பிள்ளையின் ஆதார் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போடுங்கள். பகல் முழுக்கப் பிள்ளையைப் பார்ப்பது ஆச்சி என்றால் ஆச்சியும் வரட்டும். அப்பா வெளிநாட்டில் என்றால் அவர் லீவுக்கு வரும்வரை தேதியைத் தள்ளாதீர்கள்.

எங்கே தொடங்குவது

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் ஓ.பி.யில் சீட்டு எடுங்கள். வளர்ச்சிக் குறையை ஆரம்பத்திலேயே கண்டு உதவும் டி.இ.ஐ.சி. எனும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு ரெஃபர் செய்யச் சொல்லி வாய்விட்டுக் கேளுங்கள். 2013-இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வரும் சேவை இது. பிறந்தது முதல் 18 வயது வரை, இலவசம். இதே திட்டத்தின் நடமாடும் குழு ஆண்டுக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கு வர வேண்டும். டீச்சரிடம் தேதி கேட்டு வைத்தால் அங்கிருந்தே ரெஃபர் சீட்டு வாங்கலாம். ஆனால் அந்தத் தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

குழித்துறை, களியக்காவிளை பக்கத்தவர்களுக்குத் திருவனந்தபுரம் கைக்கெட்டும் தூரம். மருத்துவக் கல்லூரி வளாகத்தில் குழந்தை வளர்ச்சி மையமும், ஆக்குளத்தில் பேச்சுக்கும் கேட்கும் திறனுக்குமான நிஷ் நிறுவனமும் உண்டு. அங்கே போனால் பிள்ளையின் மொழி தமிழ் என்று முதலிலேயே சொல்லுங்கள். மலையாளத்தில் படம் காட்டிக் கேட்டால் தெரிந்ததற்கும் பதில் வராது. மாற்றுத்திறனாளி அட்டைக்கு நம் மாவட்டத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

முதலில் காது

பேச்சு தாமதம் என்றால் கேட்கும் திறன் சோதனைக்குப் பிறகுதான் மற்றதெல்லாம். "கதவு சாத்தினா திரும்புறான், காது நல்லாருக்கு" என்பது செல்லாது. கதவுச் சத்தம் கேட்கும் பிள்ளைக்கு "ச", "த" போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். ஓ.ஏ.இ. சோதனை உள்காதை மட்டும் பார்க்கும். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு வழியைப் பார்ப்பது பெரா சோதனை. கடும் மஞ்சள் காமாலை வந்த, இன்குபேட்டரில் இருந்த பிள்ளைக்கு ஓ.ஏ.இ. சரியாக இருந்தாலும் பெராவும் கேளுங்கள்.

பெரா கெட்டுப்போக ஒரு காரணம் எண்ணெய். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டும் எலக்ட்ரோடு எண்ணெய்ப் பசையில் நிற்காது. முந்தின நாள் சாயங்காலம் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுங்கள். அப்புறம் தேங்காயெண்ணெய், பவுடர், மைப்பொட்டு எதுவும் கூடாது. சோதனை தூக்கத்தில்தான் நடக்கும். அதனால் அன்று விடியற்காலையில் எழுப்பி, பஸ்ஸில் தூங்கவிடாமல் கொண்டுபோங்கள். இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. தூக்க மருந்து தருவதாக இருந்தால் எத்தனை மணி நேரத்துக்கு முன் பால் நிறுத்த வேண்டும் என்று முந்தின நாளே கேளுங்கள். சளி பிடித்திருந்தால் சொல்லுங்கள். நடுக்காதில் நீர் நின்றால் முடிவு மாறும்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

மனோதத்துவ நிபுணர் கட்டை அடுக்கச் சொல்வார், படம் காட்டுவார், உங்களிடம் நிறையக் கேள்வி கேட்பார். தூக்கமும் பசியும் உள்ள பிள்ளை தெரிந்ததையும் செய்யாது. வீட்டில் செய்வதை அங்கே செய்யாவிட்டால் உடனே சொல்லுங்கள், வீடியோ கைகொடுக்கும். ரிப்போர்ட்டில் டி.க்யூ. என்று இருப்பது வளர்ச்சி ஈவு. 30 மாதப் பிள்ளை 18 மாதப் பிள்ளை செய்வதைச் செய்தால் 60. 70-க்குக் கீழே இருந்தால் கவனிக்க வேண்டிய தாமதம். ஒரே எண்ணோடு எழுந்து வராமல் நடை, கைவேலை, பேச்சு, பழகுதல் தனித்தனியாக எப்படி என்று கேளுங்கள். தெரபி எதில் தொடங்குவது என்பது அதில்தான் தெரியும்.

ஆட்டிசத்தின் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க, 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கு எம்-சாட் என்ற 20 கேள்வித் தாள் தருவார்கள். 3 முதல் 7 மதிப்பெண் வந்தால் மறுபடி விரிவாகக் கேட்பார்கள். 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேரே முழுப் பரிசோதனை. இது சலித்தெடுக்கும் சல்லடைதான், ஆட்டிசம் என்று முடிவு கட்டும் சோதனை அல்ல.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன், மூளை அலையைப் பார்க்கும் இ.இ.ஜி. எல்லாப் பிள்ளைக்கும் தேவைப்படாது. வலிப்பு, வந்த திறன் போவது, தலையின் அளவு மாறுபடுவது போன்ற காரணம் இருந்தால் எடுப்பார்கள். ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆட்டிசம் போகும் என்று பணம் கேட்பவர்களிடம் வாசலோடு திரும்பிவிடுங்கள். அதற்கு ஆதாரம் கிடையாது.

நோயின் பெயர் உறுதியாகும்வரை தெரபிக்குக் காத்திருக்க வேண்டாம். தாமதம் இருக்கிறது என்று தெரிந்ததுமே பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி தொடங்கலாம். ஆசாரிப்பள்ளத்துக்கு வாராவாரம் வர முடியாதவர்கள் தங்கள் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரைப் பாருங்கள். மேல்புறம் முதல் தோவாளை வரை ஒன்பது வட்டாரத்திலும் உண்டு. "கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்" என்று டாக்டர் சொன்னால், எதைப் பார்ப்பது, எந்தத் தேதியில் திரும்ப வருவது என்று இரண்டையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு எழும்புங்கள்.