உப்பிய பேட்டரியில் ஊசி குத்தாதீர்கள்

கடையில் வேலை கற்றுக்கொள்ள வந்த பையன் போன வாரம் ஒரு போனைத் திறந்தான். உள்ளே பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. “அண்ணே, ஊசியால ஒரு குத்து குத்தினா காத்து போயிடும்ல?” என்றான். அவனாவது கேட்டான். நான் தொழிலுக்கு வந்த புதிதில் கேட்காமலே குத்தியவன்.

குத்துவது, அமுக்குவது

உள்ளே இருப்பது வெறும் காற்றல்ல. சூட்டாலோ ஓவர் சார்ஜாலோ வயதாலோ உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற ரசாயனக் கரைசல் சிதைந்து உண்டாகும் வாயு, தீப்பிடிக்கக்கூடியது. பாசிட்டிவ், நெகட்டிவ் தகடுகளுக்கு நடுவே தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்றுதான் தடுப்பு. ஊசி அதைக் கிழித்தால் உள்ளேயே ஷார்ட். அப்புறம் சூடு சூட்டைக் கிளப்பிக்கொண்டே போகும். 2016இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 திரும்பப் பெறப்பட்டதும் இப்படிப்பட்ட உள் ஷார்ட்டால்தான்.

நான் குத்தியதும் ‘உஸ்’ என்றது. தித்திப்பாக ஒரு வாடை, வெண்புகை, அப்புறம் தீ. அந்த போனோடு பக்கத்தில் பிரித்து வைத்திருந்த இன்னொருவர் போனும் போயிற்று. இரண்டும் என் தலையில் விழுந்தன. மூன்று மாதச் சம்பளம். இரண்டு நாள் தொண்டை எரிந்தது. அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சு வாயு இருக்கும் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

இப்போது சார்ஜ் 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகே திறக்கிறேன். முதலில் கனெக்டரைக் கழற்றுங்கள். பசையில் ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) விட்டு, ஊறியதும் பிளாஸ்டிக் கார்டால் மெதுவாக நெம்புங்கள். உப்பிய பேட்டரிக்கு ஹீட் கன், இரும்புப் பிளேடு இரண்டும் ஆகாது. கை எட்டும் தூரத்தில் மணல் வாளி இருக்கட்டும். கழற்றியதைக் குப்பையில் போடாமல் மணலில் புதைத்து வைத்து, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.

உப்பியதை அமுக்கி, டிஸ்ப்ளேவைப் பசை போட்டு ஒட்டிக் கொடுத்துவிடும் ஆட்களைப் பார்த்தால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது. வாங்கிப் போகிறவர் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவார்.

நனைந்த போன்

அரிசியில் புதைத்து வைக்காதீர்கள், அரிசி சோற்றுக்கு. ஆஃப் செய்துவிட்டு, சார்ஜ் போட்டுப் பார்க்காமல் கொண்டுவாருங்கள்.

கதிர்வீச்சு ஸ்டிக்கர் விற்பது

போன் கதிர்வீச்சைத் தடுக்கும் என்று சொல்லி ஒட்டும் ஸ்டிக்கரை விற்காதீர்கள். *#07# அடித்தால் பெரும்பாலான போன்களில் எஸ்.ஏ.ஆர். அளவு, அதாவது உடல் உறிஞ்சும் கதிர்வீச்சின் அளவு வரும், இந்தியாவில் உச்ச வரம்பு கிலோவுக்கு 1.6 வாட். போன மாதம் ஸ்டிக்கர் கேட்டு வந்தவருக்கு இதை அடித்துக் காட்டிவிட்டு போனைத் திருப்பினேன். பின்மூடி நகம் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது.

“அதுமேல ஒட்டினா நிக்குமா?” என்றார்.