“நாங்கள் மாதாவைக் கும்பிடுவதில்லை” என்று சொல்லிவிடாதீர்கள்

லயத்தில் வீட்டுக்கு வீடு அக்டோபர் செபமாலை முடிந்ததும், நம் கத்தோலிக்கப் பையன்கள் நாலைந்து பேர் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் வந்து உட்காருவார்கள். அதே மேசைக்குப் பெந்தகோஸ்தே சபைக்குப் போகும் கூட்டாளிகளும் வருவார்கள். தே தாரிக் ஆறுவதற்குள் மாதா பேச்சு தொடங்கிவிடும். போன வாரம் காதில் விழுந்ததெல்லாம் இருபது வருடத்துக்கு முன் நான் உளறியவைதான். குரலை உயர்த்தாதே, வசனத்தைத் தப்பாகச் சொல்லாதே என்பதையெல்லாம் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

“கும்பிடுவதில்லை”

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ‘ஆராதனை கடவுளுக்கு, வணக்கம் மாதாவுக்கு’ என்று மறைக்கல்வி வகுப்பில் படித்த பையன், “மரியாளைக் கும்பிடுறீங்களா?” என்று கேட்டதும் பட்டென்று “இல்லை” என்கிறான்.

நானும் அப்படித்தான் சொன்னேன். தாத்தாவின் துக்க வீடு. கேட்டவன் சின்னம்மா மகன், சபை மாறிப் போனவன். நான் “இல்லவே இல்லை” என்று வாயை மூடுவதற்குள், உள்ளே பாட்டி மாதா படத்துக்கு முன்னால் கைகூப்பி, “தாயே, உன்னத்தானே கும்பிட்டுக் கெடந்தேன்” என்று அழுதார். தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான். அப்புறம் நான் சொன்ன எந்த விளக்கமும் அவன் காதில் ஏறவில்லை. எங்கள் வீட்டு கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு அவன் திரும்பி வர ஆறு வருடம் ஆனது.

சிக்கல் சொல்லில் இருக்கிறது. தமிழில் சாமிக்கும் கும்பிடு, பெரியவர்களுக்கும் கும்பிடு. தீம்பாரில் (தோட்டத்தில்) தலைமை எழுத்தரான பெரிய கிராணி எதிரே வந்தாலே கும்பிடு போட்ட காலம் உண்டு. அவரை யாரும் கடவுள் என்று நினைக்கவில்லை (அவர் நினைத்திருக்கலாம்). கிரேக்கர்களுக்கும் இதே தொல்லை இருந்தது. 787-இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் நீசேயா சங்கம், திருவுருவங்களுக்கு முன் தலைவணங்கலாம், ஆனால் ‘லாத்ரியா’ என்னும் ஆராதனை இறைவனுக்கு மட்டுமே என்று பிரித்து வைத்தது. புனிதர்களுக்கு ‘துலியா’, மாதாவுக்கு அதைவிட ஒரு படி மேலே ‘ஹைப்பர்துலியா’ என்று இறையியலார் பெயரும் வைத்தார்கள். ஒட்டுக்கடையில் இந்தப் பெயர்களை அவிழ்த்துவிட்டால் சிரிப்புதான் மிஞ்சும்.

“ஆமா, கும்பிடுறோம். எந்த அர்த்தத்துலன்னு கேளு” என்று தொடங்குங்கள். பிறகு பூசையில் ஒப்புக்கொடுக்கும் பலியைக் காட்டுங்கள். நாலாம் நூற்றாண்டில் மாதாவுக்கு அப்பம் படைத்த பெண்களைப் பற்றி சலாமிஸ் ஆயர் எப்பிபானியுஸ் எழுதிக் கண்டித்திருக்கிறார்: மரியாவுக்கு மரியாதை செய்யலாம், ஆராதனை தந்தைக்கும் மகனுக்கும் தூய ஆவிக்கும்தான். இன்றைக்கும் மாதா திருநாள் பூசையாகவே இருந்தாலும், பலி ஒப்புக்கொடுக்கப்படுவது தந்தைக்கு. கூப்பிய கையை வைத்து வித்தியாசம் சொல்ல முடியாது, பீடத்தை வைத்துச் சொல்லலாம்.

தேர்பவனிக்கு மட்டும் வந்து பூசைக்கு வராதவர்களை எதிராளி சுட்டிக்காட்டினால், ஒப்புக்கொள்ளுங்கள். அது உண்மைதானே.

‘இறைவனின் தாய்’

மாதாவைப் புகழ்வதற்காக எழுந்த பட்டம் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். 431-இல் எபேசு சங்கத்தில் நடந்த சண்டை இயேசுவைப் பற்றியது. ‘கிறிஸ்துவின் தாய்’ என்றால் போதும் என்றார் கான்ஸ்டாண்டிநோபிள் ஆயர் நெஸ்தோரியுஸ். அப்படிச் சொன்னால் இயேசுவையே இரண்டு ஆளாகப் பிரித்ததாகிவிடும் என்று அலெக்சாந்திரியா ஆயர் சிரில் எதிர்த்தார். இங்கிருந்து ஆரம்பித்தால் எதிராளியும் பாதி தூரம் கூடவே வருவார்.

அமல உற்பவம்

தாய் அன்னாவின் வயிற்றில் மரியா பாவக்கறை இல்லாமல் கருவானதைப் பற்றியது, இயேசுவின் பிறப்பைப் பற்றியது அல்ல. 1854-இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அறிவித்தார். “மரியாளே கடவுளை என் மீட்பர் என்கிறாரே” என்று லூக்கா 1:47-ஐ நீட்டுவார்கள். பதறாதீர்கள். கிறிஸ்துவின் பேறுபலன்களை முன்னிட்டே அவர் பாவத்திலிருந்து காக்கப்பட்டார் என்றுதான் அந்த அறிவிப்பும் சொல்கிறது. அவருக்கும் மீட்பர் தேவைப்பட்டார்.

வேளாங்கண்ணிப் புதுமைகளை (அற்புதங்களை) ஆதாரமாக வைப்பது

வேண்டாம். லூர்து, பாத்திமாவில் மாதா தந்த காட்சிகளைக்கூட நம்பியே ஆகவேண்டும் என்று திருச்சபை நம்மையே கட்டாயப்படுத்துவதில்லை.

‘இணை மீட்பர்’

மாதாவுக்குச் சிலர் தரும் இந்தப் பட்டம் பொருத்தமில்லை என்று 2025 நவம்பரில் வத்திக்கானே எழுதிவிட்டது. பேனரில் இருந்தால் கழற்றிவிடுங்கள்.