முதல் வருஷ இன்ஜினியரிங்: அரியரும் வைக்காமல், நண்பர்களையும் விடாமல்

ஹாஸ்டல் கட்டிலில் மெத்தையை விரிப்பதற்குள் அறிவுரைகள் வந்துவிடும். வீட்டில் "நாலு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படிச்சிடு" என்பார்கள். சீனியர் அண்ணன்கள் "ஃபர்ஸ்ட் இயர்ல ஜாலியா இரு தம்பி, கடைசி வாரம் படிச்சா போதும்" என்பார்கள். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைப்பதில்தான் சிக்கலே. நான் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரி ஒன்றில் 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்டம், தேர்வு விதிகளின் தொகுப்பு) படித்தவன். கீழே உள்ளதெல்லாம் அந்தக் கணக்குதான். நீங்கள் தன்னாட்சிக் கல்லூரி என்றாலோ வேறு ரெகுலேஷன் என்றாலோ எண்கள் மாறும், வழி மாறாது.

படி 1: பாஸ் மார்க்கைக் கணக்குப் போடுங்கள்

தியரி பாடத்துக்கு இன்டர்னல் (செமஸ்டர் நடுவே கல்லூரியே போடும் மார்க்) 40, செமஸ்டர் தேர்வு 60. செமஸ்டர் தேர்வை நூற்றுக்கு எழுதுவோம், அதை 60க்குச் சுருக்கிச் சேர்ப்பார்கள். பாஸாக மொத்தத்தில் 50 வேண்டும். அது போக செமஸ்டர் தேர்வில் மட்டும் நூற்றுக்கு 45 எடுத்தாக வேண்டும். இதை எல்லோரும் கேட்டிருப்பார்கள், போட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

இன்டர்னலில் 23 வாங்கிவிட்டீர்கள் என்றால், செமஸ்டரில் நூற்றுக்கு 45 எடுத்தாலே பாஸ். இன்டர்னலில் 15தான் வந்தது என்றால் அதே பாஸுக்கு 59 தேவை. கடைசி நேரத்தில் 14 மார்க் கூடுதலாக எடுப்பது சாதாரண வேலை இல்லை, ஒரு 13 மார்க் கேள்வியை முழுதாக எழுதியும் பற்றாது. அதனால் இன்டர்னல் தேர்வுக்கு முந்தைய நான்கைந்து நாள் மட்டும் ஊர் சுற்றுவதை நிறுத்துங்கள். அதைச் செய்தவர்களுக்கு மற்ற வாரங்களில் பயம் இல்லாமல் வெளியே போக முடியும். 'கடைசி வாரம் போதும்' என்று சொல்கிற அண்ணன் இன்டர்னலில் எவ்வளவு வைத்திருந்தார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

படி 2: லீவுக்கும் ஒரு கணக்கு

வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். 65க்குக் கீழே போனால் தேர்வு எழுத முடியாது, அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டியதாகிவிடும். இடையில் இருப்பவர்கள் மருத்துவக் காரணம் போன்றவற்றைக் காட்டி அனுமதி கேட்டு அலைய வேண்டும்.

செமஸ்டருக்கு 75 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். கால் பங்கு என்றால் 18 நாள். கேட்க நிறைய மாதிரி இருக்கும். தீபாவளிக்கு முன்னாடி பின்னாடி இரண்டிரண்டு நாள், ஒரு காய்ச்சலுக்கு நான்கு, வீட்டில் ஒரு கல்யாணத்துக்கு மூன்று என்று கழியுங்கள். மிச்சம் ஏழு. முதல் மாதத்திலேயே 'கிளாஸ் போரா இருக்கு' என்று அந்த ஏழையும் கேன்டீனில் கரைப்பவர்கள்தான் அக்டோபரில் எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) அறை வாசலில் நிற்பார்கள். அந்த ஏழு நாளை நண்பனின் ஊர்த் திருவிழாவுக்கு வைத்திருங்கள்.

படி 3: வேலைகளை இரண்டாகப் பிரியுங்கள்

டைம்டேபிள் போடச் சொல்லும் பதிவுகள் நிறைய இருக்கின்றன. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காலை ஆறிலிருந்து ஏழு வரை கணக்கு என்று எழுதி ஒட்டினால் மூன்றாம் நாள் அந்தத் தாளில் எவனோ ஃபோன் நம்பர் எழுதியிருப்பான். நேரத்தைப் பிரிப்பதைவிட, எந்த வேலையை ஆட்களோடு உட்கார்ந்து செய்யலாம், எதற்குத் தனிமை வேண்டும் என்று பிரிப்பது பல மடங்கு உதவும்.

ஆட்களோடு செய்யக்கூடியதில் முதல் இடம் லேப் ரெக்கார்டுக்கு. இடப்பக்கம் பென்சிலில் படமும் டேபிளும், வலப்பக்கம் பேனாவில் ஏய்ம், ஃபார்முலா, ப்ரொசீஜர். லேபிலேயே அளவுகளைக் குறிக்கும் அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து வாங்கிவிட்டால் மீதி வெறும் கைவேலை. டார்ஷன் பெண்டுலத்தின் ப்ரொசீஜரை எழுத மூளை தேவையில்லை, நல்ல பேனா போதும். இதை ஞாயிறு இரவு தனியாக உட்கார்ந்து எழுதுவதைப்போல வீண் வேறில்லை. லேப் இருந்த அன்றே சாயங்காலம், நாலு பேர் ஒரே அறையில், பாட்டு ஓடட்டும், கதை ஓடட்டும், எழுதி முடியுங்கள். இரண்டாம் செமஸ்டரில் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் வரும்போதும் இப்படித்தான். கோடு போடும் டிராஃப்டர் ஒருவனிடம், கூர்மையான பென்சில் இன்னொருவனிடம் என்று கும்பலாக இருப்பதே வசதி.

தனியாகச் செய்ய வேண்டியதில் முதலில் வருவது கணக்கு. கேலி-ஹாமில்டன் தேற்றத்தில் ஒரு குறி தப்பினால் கடைசி வரி வரை தப்பு. பக்கத்தில் ஒருவன் கிரிக்கெட் ஸ்கோர் சொல்லிக்கொண்டிருந்தால் அந்தக் குறி கட்டாயம் தப்பும். பைத்தானில் வரும் எரரும் அப்படியே.

இவை இரண்டிலும் சேராத ஒரு வகை உண்டு: ஒரே ஒருவனோடு உட்கார்ந்து படிப்பது. பிசிக்ஸில் 'பெட்டிக்குள் துகள்' டெரிவேஷனை நண்பனுக்குப் போர்டில் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். எங்கே திக்குகிறீர்களோ அங்கே உங்களுக்கே புரியவில்லை என்று அர்த்தம். ஆனால் ஆள் மூன்றானால் அது கம்பைன் ஸ்டடி, நான்கானால் டீக்கடை. ஐந்து பேர் சேர்ந்து படித்தோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

படி 4: "வர்றியாடா?"

இங்கேதான் பெரும்பாலானவர்கள் இடறுவார்கள். நானும் இங்கேதான் திணறினேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாயங்காலம் ஏழு மணி. அப்போதுதான் நோட்டைத் திறந்திருப்பீர்கள். கதவில் ஒரு தட்டு, செருப்புச் சத்தம், "மச்சி, பரோட்டா சாப்பிடப் போறோம், வர்றியாடா?" மனசுக்குள் இரண்டே பதில்தான் தெரியும். 'வர்றேன்' என்றால் ஒன்பதரை வரை போச்சு, பரோட்டா அரை மணி நேரம்தான், மீதி வண்டி மேல் உட்கார்ந்து பேச்சு. 'வரலை' என்றால் "இவன் படிப்ஸ்டா" என்று பட்டம் கட்டிவிடுவார்கள். அதைவிட மோசம், நாலு தடவை வரவில்லை என்றால் ஐந்தாவது தடவை கூப்பிடவே மாட்டார்கள்.

எனக்குப் பலித்தது மூன்றாவது பதில். மறுக்காமல் ஒரு நேரம் சொல்லுங்கள்: "எட்டே காலுக்குக் கடைக்கு வந்துடறேன், எனக்கு ரெண்டு சொல்லி வை." இதில் இரண்டு விஷயம் நடக்கிறது. பரோட்டா சொல்லியாகிவிட்டதால் நீங்கள் வருவீர்கள் என்று அவர்களுக்கு உறுதி. உங்களுக்கோ எட்டு மணி வரை முடிக்க வேண்டிய ஒரு கெடு கிடைத்துவிட்டது. ஒரு மணி நேரக் கெடுவில் முடிகிற இரண்டு கணக்கு, ராத்திரி முழுக்க நேரம் இருந்தால் முடியவே முடியாது.

முக்கியமான நிபந்தனை, எட்டே கால் என்றால் எட்டே காலுக்குப் போய் நிற்க வேண்டும். இரண்டு தடவை ஏமாற்றினால் இந்த வித்தை செத்துவிடும்.

படி 5: ஃபோன்

வகுப்பு வாட்ஸ்அப் குழுவை 'எப்போதும்' என்று மியூட் செய்யுங்கள். அவசரச் செய்தி என்றால் ரூம்மேட்டே கத்துவான். மரம் வளர்க்கும் ஃபாரஸ்ட் மாதிரி ஆப்களை நானும் போட்டுப் பார்த்தேன், மரம் எப்படி இருக்கிறது என்று பார்க்கவே ஃபோனை எடுக்கத் தோன்றுகிறது. பக்கத்து அறையில் சார்ஜ் போட்டுவிட்டு வருவதுதான் நல்லது. நோஷன் என்ற குறிப்பெடுக்கும் ஆப்பில் அழகழகாகப் பக்கம் வடிவமைப்பது படிப்பு இல்லை. தேர்வுத் தேதிகளுக்கு கூகுள் காலண்டர், கெமிஸ்ட்ரி இரண்டு மார்க் கேள்விகளுக்கு அன்கி (கேள்வி-பதில் அட்டைகளை மனப்பாடம் செய்ய உதவும் ஆப்), மற்றதற்கு ஜெராக்ஸ் கடையில் விற்கும் நாற்பது பக்க நோட்டு. இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

படி 6: கிளப்

ஒன்றில் சேருங்கள். என்.எஸ்.எஸ்., நாடகம், கோடிங், எதுவானாலும் சரி. இரண்டாவதை இரண்டாம் வருஷம் பார்த்துக்கொள்ளலாம். சிம்போசியத்துக்கு (துறை நடத்தும் போட்டி விழா) வேலை செய்தால் ஓ.டி. (ஆன் டியூட்டி, வகுப்புக்கு வராவிட்டாலும் வருகைப்பதிவு) தருகிறேன் என்று சொல்லும் அண்ணனிடம், ஓ.டி. ஃபார்மில் கையெழுத்து வாங்கிய பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

பின்சேர்க்கை

பதிவு வந்த பிறகு ஒரு தங்கை எழுதியிருந்தார்: "எங்க ஹாஸ்டல்ல ஆறரைக்கே கேட் மூடிடுவாங்க அண்ணா, எட்டே கால் பரோட்டாவுக்கு நாங்க எங்கே போறது?" நியாயமான கேள்வி, பல பெண்கள் விடுதிகளில் இதுதான் நிலை. அங்கே நான்காம் படியைத் தலைகீழாக்க வேண்டும் என்று அவரே வழியும் சொன்னார். கல்லூரி விட்டதும் கேட் மூடும்வரை புத்தகத்தைத் தொடுவதே இல்லையாம், அது முழுக்க நண்பர்களுக்கு. படிப்பெல்லாம் மெஸ் முடிந்த பிறகு. வராண்டாவில் அரட்டை தொடங்கினால் "பத்து மணிக்கு வர்றேன், இடம் போட்டு வை" என்பதுதான் அவருடைய பரோட்டா.

டே ஸ்காலர்கள் சிலர் கல்லூரி பஸ்ஸிலேயே இரண்டு மணி நேரம் போகிறது என்றார்கள். பஸ்ஸில் படிக்க முயலாதீர்கள், தலைவலிதான் மிச்சம். காலைப் பயணம் தூக்கத்துக்கு, மாலைப் பயணம் நண்பர்களுக்கு என்று வைத்துக்கொண்டால் வீட்டுக்குப் போனதும் குற்ற உணர்வில்லாமல் கதவைச் சாத்திக்கொள்ளலாம். ரெக்கார்டை மட்டும் பஸ்ஸில் எழுதவே எழுதாதீர்கள். ஒரு ஸ்பீட் பிரேக்கர் போதும், அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதச் சொல்வார்கள்.