ஓட்டக்காரர் ஏன் பாதியில் நின்றார்? காரணம் பேசும் முன் பார்க்க வேண்டியவை

2024 ஆகஸ்ட் 10 அன்று பாரிஸ் ஒலிம்பிக் மாரத்தானில், அதற்கு முன் இரண்டு முறை அந்தத் தங்கத்தை வென்றிருந்த கென்ய வீரர் எலியுட் கிப்சோகே 30 கிலோமீட்டரைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் ஓட்டத்தை விட்டு நடக்க ஆரம்பித்தார். அவர் தன் பனியனையும் ஷூவையும் ஓரத்தில் நின்றவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தபோதே ரசிகர்கள் காரணம் சொல்லத் தொடங்கியாயிற்று. வயதாகிவிட்டது, மேட்டுப் பாதை ஒத்துவரவில்லை, காயத்தை மறைத்தார், மனம் உடைந்துவிட்டது என்று ஆளுக்கொன்று. மாரத்தானில் அவர் முடிக்காமல் விட்டது அதுதான் முதல் முறை, அதனால் சூடு கூடுதலாகவே இருந்தது.

இப்படிப் பேசுவதில் தப்பில்லை, பிடித்த ஆள் நின்றுவிட்டால் ஏன் என்று கேட்கத்தான் தோன்றும். ஆனால் கண்ணால் பார்த்தது எது, நாமாக ஊகித்தது எது என்று பிரித்துப் பார்க்காமல் பேசினால் ஒரு மனிதரின் பெயரைக் கெடுத்துவிடுவோம். அடுத்த முறை இப்படி ஒரு விவாதம் வந்தால் எந்த வரிசையில் பார்க்கலாம் என்று கீழே எழுதுகிறேன்.

முதலில் முடிவுப் பட்டியலைத் திறந்து அந்தப் பெயருக்கு நேரே என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். டி.என்.எஃப். என்றால் ஓட ஆரம்பித்து முடிக்கவில்லை, டி.என்.எஸ். என்றால் தொடக்கக் கோட்டுக்கே வரவில்லை, டி.கியூ. என்றால் நடுவர்கள் தகுதிநீக்கம் செய்திருக்கிறார்கள். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு சண்டை போடுவது அடிக்கடி நடக்கிறது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நம் புதுக்கோட்டை லட்சுமணன் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும் பதக்கம் கிடைக்காமல் போனது தடத்துக்கு உள்பக்கம் கால் வைத்ததற்காக, அது டி.கியூ. அவர் ஓட்டத்தை விட்டுவிடவில்லை.

அதோடு இன்னொன்று: அந்த ஆள் பேசரா என்று பார்த்துவிடுங்கள். பெர்லின், சிகாகோ, லண்டன் மாதிரிப் பெரிய நகர மாரத்தான்களில் வேகம் பிடித்துக் கொடுப்பதற்கென்றே காசு கொடுத்து ஆள் வைக்கிறார்கள், 25 அல்லது 30 கிலோமீட்டரில் விலகுவதுதான் அவர்கள் வேலையே, பட்டியலில் அவர்களுக்கும் டி.என்.எஃப். என்றுதான் விழும். ஒலிம்பிக்கிலும் உலக சாம்பியன்ஷிப்பிலும் பேசர் கிடையாது, அங்கே இந்தக் கேள்வி எழாது.

அடுத்து, அதே போட்டியில் மொத்தம் எத்தனை பேர் நின்றார்கள் என்று எண்ணுங்கள். இதைச் செய்யாமல் ஒரே ஒருவரின் குணத்தை அலசுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. 2019 தோஹா உலக சாம்பியன்ஷிப்பில் பெண்கள் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் வைத்தார்கள், அப்போதும் வெப்பம் 30 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கின் ஆண்கள் மாரத்தானைக் குளிர்ச்சிக்காகவே சப்போரோவுக்கு மாற்றியும் 106 பேரில் 30 பேர் நின்றார்கள். காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை ஆவியாகாது, வியர்வை ஆவியாகாவிட்டால் உடம்பு சூட்டை வெளியே தள்ள முடியாது, அப்போது எவ்வளவு பயிற்சி எடுத்திருந்தாலும் வேகத்தைக் குறைப்பது அல்லது நிற்பது என்ற இரண்டே வழிதான். குளிரும் விடாது. 2018 பாஸ்டன் மாரத்தானில் கொட்டும் மழையும் எதிர்காற்றுமாக இருந்ததில் முன்னணி ஆட்கள் பலர் நடுங்கிக்கொண்டே விலகினார்கள். பத்துப் பேருக்கு மேல் நின்ற நாளில் ஒருவரை மட்டும் பிடித்துக்கொண்டு 'ஏன் நின்றாய்' என்று கேட்பதில் நியாயமே இல்லை.

சரி, மற்றவர்கள் நன்றாக ஓடி இவர் மட்டும் நின்றார் என்றால் இனிமேல்தான் உண்மையான வேலை. ஸ்ப்ளிட் நேரங்களை, அதாவது ஒவ்வொரு 5 கிலோமீட்டரையும் கடக்க எடுத்த நேரத்தை எடுத்து வரிசையாக எழுதிப் பாருங்கள், பெரிய போட்டிகள் எல்லாவற்றிலும் இது பொதுவில் கிடைக்கும். ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் 15 நிமிடம், 15:05, 15:02 என்று சீராகப் போய்க்கொண்டிருந்த ஆள் திடீரென்று அடுத்த புள்ளியில் காணவில்லை என்றால் பெரும்பாலும் கெண்டைக்கால், பின்தொடை, பாதம் என்று எங்கோ பிடித்திருக்கிறது. 15:00, 15:25, 16:10, 17:40 என்று வேகம் படிப்படியாக இறங்கியிருந்தால் வயிறு, சூடு, சர்க்கரை தீர்ந்தது, போட்டிக்கு முன்பே இருந்த சோர்வு, பொறுத்துக்கொண்டே ஓடிய பழைய வலி இவற்றில் ஒன்றாக இருக்கலாம். 30 முதல் 35 கிலோமீட்டர் வரைக்குள் பலர் விழுவதற்குக் காரணம் உண்டு, தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்த கிளைகோஜன் என்ற சர்க்கரை இருப்பு கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான் காலியாகும், வழியில் குடிக்கும் பானம் வயிற்றில் தங்காவிட்டால் இன்னும் சீக்கிரம். கிப்சோகே விஷயத்தில் ஸ்ப்ளிட் படிப்படியாக இறங்கிய வகைதான். 20 கிலோமீட்டர் அளவில் முதுகில் வலி வந்ததாக அவரே பிறகு சொன்னார். 30 கிலோமீட்டருக்கு வரும்போது முன்னணியில் இருந்தவர்களைவிட எட்டு நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தார்.

ஸ்ப்ளிட்டோடு வீடியோவும் பாருங்கள், ஆனால் முகத்தைப் பார்க்காதீர்கள். முகம் சுளிப்பது எல்லோரும் செய்வது, அதிலிருந்து ஒன்றும் தெரியாது. காலடி இரண்டு பக்கமும் சமமாக விழுகிறதா, கை எங்கே போகிறது, நேர்கோட்டில் ஓடுகிறாரா என்பதுதான் முக்கியம். ஒரு காலைக் காப்பாற்றி ஓடினால் காயம். கை விலாவுக்கோ வயிற்றுக்கோ போனால் செரிமானம் அல்லது மூச்சுப் பிடிப்பு. தள்ளாடினால் சூடு தலைக்கேறியிருக்கலாம், அப்போது அவர் நின்றது நல்லது. டிவியில் எதுவுமே தெரியாத காரணங்களும் உண்டு, இரும்புச்சத்துக் குறைவு, அளவுக்கு மீறிய பயிற்சி, பத்து நாளுக்கு முன் வந்துபோன காய்ச்சல், இவற்றுக்கெல்லாம் கேமரா உதவாது.

அப்புறம் நாட்காட்டி. ரசிகர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். முன்னணி மாரத்தான் வீரர் பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டுதான் ஓடுவார், ஏனென்றால் 42 கிலோமீட்டரை முழு வேகத்தில் முடித்த உடம்பு தேற வாரக்கணக்கில் ஆகும். வெல்லவும் முடியாது, நல்ல நேரமும் கிடையாது என்று 32-ஆவது கிலோமீட்டரில் தெரிந்துவிட்டால் மீதிப் பத்தை இழுத்து ஓடிக் காலை நாசமாக்கிக்கொள்வதைவிட நின்றுவிட்டு அடுத்த போட்டிக்கு உடம்பை வைத்துக்கொள்வது அவர்களுக்குத் தொழில் கணக்கு. வார இறுதியில் ஆசைக்கு ஓடும் நமக்கு முடிப்பதுதான் பெருமை, பிழைப்புக்கு ஓடுபவரை அந்த அளவுகோலால் அளப்பது சரியில்லை.

இப்போது அவர் என்ன சொன்னார் என்பதற்கு வருவோம். அன்றைக்கே சொன்னதை முழுக் கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2010 நியூயார்க் மாரத்தானில் முழங்கால் வலியால் விலகிய எத்தியோப்பிய வீரர் ஹெய்லே கெப்ரெசெலாசி அன்றே ஓய்வு அறிவித்தார், சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

பிரிட்டன் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் விஷயம்தான் இதில் எனக்கு மிகவும் வலிப்பது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், உலக சாதனை 2:15:25 அவர் கையில், கிட்டத்தட்ட 35 டிகிரி வெயில், ஏற்றமான பாதை. 36 கிலோமீட்டர் அளவில் நின்று சாலையோரம் உட்கார்ந்து அழுதார். ஐந்து நாள் கழித்து 10,000 மீட்டரில் இறங்கி அதிலும் எட்டுச் சுற்று மிச்சம் இருக்கும்போது விலகினார். பிரிட்டனில் பாதிப் பேர் அவருக்காக அழுதார்கள், மீதிப் பேர் தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார் என்றார்கள். உடனே கேட்டபோது அவருக்கே சரியாக விளக்கத் தெரியவில்லை, அதையும் சாக்கு என்றார்கள். பிறகுதான் விவரம் வந்தது: போட்டிக்கு முன் காலில் காயம், அதற்கு எடுத்த அழற்சியைக் குறைக்கும் மருந்து வயிற்றைக் கெடுத்து, சாப்பிட்டது உடம்பில் சேரவில்லை. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று நியூயார்க் மாரத்தானில் அவர் வென்றார். 'மனத்திடம் இல்லை' என்ற பேச்சுக்கு அங்கே என்ன ஆதாரம் இருந்தது?

நாளிதழில் அந்த வாரம் வந்த வேறு செய்தியோடு முடிச்சுப் போடுவதிலும் கவனம் வேண்டும். 2019 அக்டோபரில் அமெரிக்க வீரர் கேலன் ரப் சிகாகோ மாரத்தானில் 37 கிலோமீட்டரை நெருங்கும்போது நின்றார். அவர் பயிற்சியாளர் ஆல்பெர்ட்டோ சலசாருக்கு ஊக்கமருந்து விதிமீறலுக்காகத் தடை விழுந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, நைக்கி அந்தப் பயிற்சிக் குழுவையே கலைத்திருந்தது. இரண்டையும் சேர்த்துக் கதை கட்டுவது ரொம்ப எளிது. ஆனால் அவர் ஓடியது குதிகால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, நின்றது கெண்டைக்கால் பிடித்ததால். 2020 பிப்ரவரியில் அட்லாண்டாவில் அமெரிக்க ஒலிம்பிக் தகுதிப் போட்டியை வென்றார்.

ஊக்கமருந்து என்ற சொல்லை எடுப்பதற்கு முன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள்: தடகளத்தில் ஊக்கமருந்து வழக்குகளைக் கவனிக்கும் அத்லெடிக்ஸ் இன்டெக்ரிட்டி யூனிட் தளத்தில் தற்காலிகத் தடையில் இருப்பவர்களின் பட்டியல் பொதுவில் இருக்கிறது, அங்கே அந்தப் பெயர் இல்லையென்றால் பேசாமல் இருங்கள். நின்றுவிட்டால் பரிசோதனையில் இருந்து தப்பலாம் என்பதும் சரியான வாதம் இல்லை, இந்த மட்டத்து வீரர்களை எந்த நாளிலும் எந்த இடத்திலும் சோதிக்கலாம். 2024 பிப்ரவரியில், கிப்சோகேயின் மாரத்தான் உலக சாதனையை முறியடித்திருந்த கெல்வின் கிப்டம் கார் விபத்தில் இறந்தபோது எந்த ஆதாரமும் இல்லாமல் கிப்சோகே பெயரைச் சமூக வலைதளங்களில் இழுத்தார்கள், தன் குழந்தைகளின் பாதுகாப்பை நினைத்துப் பயந்ததாக அவர் பேட்டியில் சொன்னார். அந்த நிலையில்தான் பாரிஸுக்கு வந்து ஓடினார். வெறும் ஊகம் ஒரு வீட்டுக்குள் வரை போய் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தேவையில்லை.

மனம் விட்டுப் போயிருக்கலாமே என்பீர்கள். போகலாம்தான், ஆனால் அதை வெளியில் இருந்து கண்டுபிடிக்க முடியாது. அதே 2018 பாஸ்டனில் அமெரிக்க வீராங்கனை டெஸ் லிண்டன் ஆரம்பக் கட்டத்திலேயே, தான் விலகிவிடக்கூடும், உதவி வேண்டுமானால் கேள் என்று சக வீராங்கனை ஷலேன் ஃபிளனகனிடம் சொன்னார், ஃபிளனகன் கழிப்பறைக்கு நின்றபோது காத்திருந்து கூட்டத்தோடு கொண்டுவந்து சேர்த்தார். கடைசியில் 2:39:54-இல் போட்டியை வென்றவர் லிண்டன்தான்.

இவ்வளவையும் பார்த்த பிறகு உங்கள் கருத்தை எழுதும்போது '25 கிலோமீட்டரில் இருந்து வேகம் இறங்கியது, இடது காலைக் காப்பாற்றி ஓடினார், காயமாக இருக்கலாம்' என்கிற மாதிரி பார்த்ததை முதலிலும் ஊகத்தைப் பின்னாலும் வையுங்கள், எதிர்ப்பக்கம் பேசுபவர் மறுக்க வேண்டுமானால் எதை மறுப்பது என்று அவருக்கும் தெரியும். பிறகு அடுத்த போட்டியின் ஸ்டார்ட் லிஸ்ட் வரும் வரை பொறுங்கள். பாரிஸோடு கிப்சோகே முடிந்தார் என்றவர்கள் 2025 ஏப்ரல் லண்டன் முடிவைப் பார்க்கலாம்: ஆறாவது இடம், 2:05:25, வயது 40.