ஜூனிலிருந்து மார்ச் வரை: எல்.பி. (ஒன்று முதல் நான்கு வரை) வகுப்புப் பிள்ளைகள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ‘ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை எப்படிப் படிக்கிறது?’ என்று கேட்டால் உடனே நோட்டை எடுத்து நீட்டுவார்கள். பக்கம் பக்கமாக எழுத்து இருக்கும். அதே பிள்ளையிடம் கடைப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொன்னால் முழிக்கும். நிரம்பிய நோட்டைக் கற்றதற்கு அளவாக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. கீழே வருகிற பலவும் அதிலிருந்து கிளைத்தவைதான்.

ஜூனில் பிரவேசனோற்சவம் என்ற பள்ளி திறப்பு விழா முடிந்த மறுநாளே ‘அ முதல் ஃ வரை பத்துத் தடவை எழுது’ என்று வீட்டில் தொடங்கிவிடுகிறார்கள். ஐந்து வயது விரல்களுக்கு அந்த வலு இன்னும் வந்திருக்காது. முதல் ஆறேழு வாரம் நின்ற கோடு, படுத்த கோடு, சாய்ந்த கோடு, அரைவட்டம், சுழி இவை போதும். தமிழ் எழுத்துகளில் பெரும்பாலானவை இந்த ஐந்தின் கூட்டுத்தான். முதலில் ஸ்லேட்டில் உள்ளங்கை அளவு பெரிதாக எழுதட்டும், நோட்டுக்குப் பிறகு போகலாம். பென்சிலைக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் பிடிக்க வேண்டும், நடுவிரல் அடியில் தாங்க வேண்டும். பிடி முனையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே இருக்கட்டும். முனையை ஒட்டிப் பிடிக்கிற பிள்ளை அழுத்தி எழுதும், அரைப் பக்கத்தில் கை வலிக்கிறது என்று எழுந்துவிடும். இடக்கைக்காரப் பிள்ளையின் கையை மாற்ற வேண்டாம். நோட்டின் மேல்பக்கம் வலப்புறம் சாயும்படி வைத்துக் கொடுத்தால் எழுதுவது எளிதாகும்.

பத்துத் தடவை எழுதச் சொல்வதில் இன்னொரு சிக்கல் உண்டு. ‘மரம்’ என்று பத்து வரி எழுதும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். முதலில் மேலிருந்து கீழாகப் பத்து ‘ம’, அடுத்துப் பத்து ‘ர’, கடைசியில் பத்து ‘ம்’ என்று நிரப்பிவிடும். பக்கம் முடிந்துவிடும், சொல் மட்டும் மனதில் ஏறியிருக்காது. இரண்டு தடவை பார்த்து எழுதட்டும், மூன்றாவது தடவை நோட்டை மூடிவிட்டு எழுதட்டும்.

எழுத்துகளை எந்த வரிசையில் சொல்லித் தருவது என்பதிலும் தடுமாற்றம் இருக்கிறது. தமிழ் எழுத்து மொத்தம் 247. எல்லாவற்றையும் வரிசையாக முடித்துவிட்டுத்தான் சொல்லுக்கு வருவது என்றால் ஓணத்தை ஒட்டி வரும் முதல் பரீட்சை வரையில் பிள்ளை ஒரு சொல்லைக்கூட வாசித்திருக்காது. ப, ட, ம, ர என்ற நாலு எழுத்தையும் ம், ட் என்ற புள்ளி வைத்த இரண்டையும் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். படம், மரம், மடம், பட்டம், மட்டம், ரம்பம், பம்பரம் என்று ஏழு சொல் கையில் வந்துவிடும். வாசிக்க முடிகிறது என்று தெரிந்த பிள்ளை அடுத்த எழுத்தைத் தானே கேட்கும்.

உயிர்மெய்யில் எல்லாப் பிள்ளையும் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று, கொம்பு. கெ, கே, கை மூன்றிலும் குறி முன்னால் எழுதப்படுகிறது, ஒலி பின்னால் வருகிறது. கொ, கோ இரண்டிலும் எழுத்தின் இருபுறமும் குறி நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படித்துப் பழகிய பிள்ளைக்கு இது குழப்பம்தான். கொம்பைத் தனியாகச் சொல்லித் தராமல் ‘கெ’யை முழு வடிவமாகவே காட்ட வேண்டும். இரண்டாவது, உகர வரிசை. சு, பு, யு, வு எல்லாம் கீழே நேராக இறங்கும். து, நு, லு, று, ணு, னு எல்லாம் வலப்பக்கம் சுழித்து மேலேறும். கு, டு, மு, ரு, ழு, ளு ஆறும் இரண்டு கூட்டத்திலும் சேராது. ஆகவே கு, ஙு, சு என்று அகர வரிசைப்படி போகாமல், ஒரே மாதிரி இறங்குகிறவற்றை ஒரு வாரம், சுழிக்கிறவற்றை அடுத்த வாரம், இந்த ஆறையும் தனியே பிறகு என்று பிரித்துக்கொண்டால் பாதிச் சிரமம் குறையும்.

பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளையை ‘நன்றாக வாசிக்கிறது’ என்று நம்பிவிடுவது இன்னொரு தவறு. கண்டுபிடிப்பது சுலபம். கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாசிக்கச் சொல்லுங்கள், அல்லது அதே சொற்களை மாற்றி அடுக்கி ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுங்கள். சிறு வகுப்புகளில் எழுத்தும் எண்ணும் வரவேண்டும் என்று 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த நிபுண் பாரத் திட்டம் வைத்த இலக்குகளும் முன்பின் பார்க்காத பகுதியை வாசிப்பதைத்தான் கேட்கின்றன. ஒன்றாம் வகுப்பு முடியும்போது நாலைந்து எளிய சொற்கள் கொண்ட வாக்கியம், இரண்டாம் வகுப்பில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல், மூன்றாம் வகுப்பில் குறைந்தது 60 சொல், அதுவும் பொருள் புரிந்து. இதைப் படித்துவிட்டு ஸ்டாப்வாட்சைத் தூக்க வேண்டாம். ‘விளையாடிக்கொண்டிருந்தார்கள்’ என்பது நமக்கு ஒரே சொல், சொல்லை எண்ணி வேகம் பார்ப்பது தமிழுக்குச் சரிவராது. வாசித்து முடித்ததும் ‘யார் போனார்கள், ஏன் போனார்கள்’ என்று இரண்டு கேள்வி கேளுங்கள், அதில் தெரிந்துவிடும்.

இனி கணக்கு.

நூறு வரை ஒப்பிப்பதும் நூறு வரை எண்ணுவதும் வேறு வேறு. ஒரு கை புளியங்கொட்டையை அள்ளிப் போட்டு எண்ணச் சொன்னால், ஒரே கொட்டையை இரண்டு தடவை தொடும், ஒன்றை விட்டுவிடும். எண்ணியதை ஒதுக்கி வைத்துக்கொண்டே எண்ணப் பழக்க வேண்டும். பிறகு பத்துப் பத்தாகக் கட்டவும் பழக்க வேண்டும். இந்தப் பக்கம் தென்னை ஈர்க்குச்சிக்குப் பஞ்சமில்லை, பத்துக் குச்சிக்கு ஒரு ரப்பர் பேண்ட் போதும்.

இந்தக் கட்டுகளின் அருமை இரண்டாம் வகுப்பில் தெரியும். 52இலிருந்து 27ஐக் கழி என்றால் நிறையப் பிள்ளைகள் 35 என்று எழுதும். ஒன்றாம் வகுப்பில் ‘பெரியதிலிருந்து சின்னதைக் கழி’ என்று சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு, ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கும். அதட்டிப் பயனில்லை, அதன் வழியில் அது சரியாகத்தான் செய்திருக்கிறது. ஐந்து கட்டு, இரண்டு உதிரிக் குச்சி எடுத்து வையுங்கள். ஏழை எடு என்றால் உதிரி போதாது. ஒரு கட்டைப் பிள்ளையே அவிழ்க்கட்டும். இப்போது நாலு கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழை எடுத்தால் ஐந்து, இரண்டு கட்டை எடுத்தால் மீதி இரண்டு கட்டு, மொத்தம் 25. ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்ற பழைய பாட்டைவிட அவிழ்த்த கட்டு நன்றாக நினைவில் நிற்கும்.

இருநூற்று நான்கை 2004 என்று எழுதுவதும் இதே வகை. காதில் 200 விழுகிறது, எழுதுகிறது. பிறகு 4 விழுகிறது, பக்கத்தில் எழுதுகிறது. 200 என்று ஒரு அட்டை, 4 என்று அதில் மூன்றில் ஒரு பங்கு அகலத்தில் ஒரு சின்ன அட்டை வெட்டி, கடைசிப் பூஜ்யத்தின் மேல் சின்னதை வைத்துக் காட்டினால் விளங்கிவிடும். வாய்ப்பாட்டில் 2, 5, 10 முதலில் வரட்டும். பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு இரண்டாம் வகுப்பில் வேலையே இல்லை.

எல்லையோரத்துக்கே உரிய தவறுகள் சில உண்டு. பொள்ளாச்சியில் இருக்கும் சித்தப்பா பிள்ளையோடு ஒப்பிடுவது அதில் பெரியது. அங்கே மூன்று பருவம், பருவத்துக்கொரு புத்தகம். இங்கே ஓணம், கிறிஸ்துமஸ், ஆண்டு இறுதி என்று பரீட்சை வரும், புத்தகமும் வேறு. செப்டம்பரில் அந்தப் பிள்ளை ஒரு புத்தகத்தை முடித்துவிட்டது என்று இங்கே பதறுவதில் அர்த்தமில்லை. தமிழ்நாட்டில் 2022இல் தொடக்க வகுப்புகளுக்காகத் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு (முதல் நிலை), மொட்டு, மலர் என்று பிரிப்பது பிள்ளை நிற்கும் நிலையைத்தான் காட்டுகிறது. வகுப்பு வேறு, நிலை வேறு. ‘மூணாம் வகுப்புப் பிள்ளையை அரும்பில் போட்டுவிட்டார்களே’ என்று எல்லையிலுள்ள கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டில் படிக்க அனுப்புகிற பெற்றோர் வருந்துவதுண்டு. விட்ட இடத்திலிருந்து தொடங்குவது பிள்ளைக்கு நல்லதுதான்.

கேரளத்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மலையாளமும் படிக்க வேண்டும். பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்தால் திருத்திக்கொண்டே இருக்க வேண்டாம், கேட்கிற ஆளைப் பார்த்துப் பிள்ளை தானே மாற்றிக்கொள்ளும். எழுத்தில்தான் கவனம் வேண்டும். ந, ன இரண்டுக்கும் மலையாளத்தில் ஒரே எழுத்து. அதனால் ‘நான்’ ‘நாந்’ ஆவதும் ‘வந்தான்’ ‘வன்தான்’ ஆவதும் நடக்கும். சொல்லின் முதலிலும் ‘த’வுக்கு முன்னாலும் ‘ந’ என்ற இரண்டே விதி எல்.பி. வகுப்புக்குப் போதும். வீட்டில் இரண்டு மொழியின் எழுத்தையும் ஒரே மாதத்தில் தொடங்கவும் வேண்டாம். ஒன்றில் சின்னச் சொற்களைத் தடையின்றி வாசித்த பிறகு மற்றது வரட்டும். எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதுவது ஏழு வயது வரை சகஜம்.

மூணாறு, தேவிகுளம் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் கலெக்டர் விடும் மழை விடுமுறையும், ஏப்ரல், மே மாதங்களும் வாசிப்பைக் கரைக்கிற காலம். தினம் பத்து நிமிடம் சத்தமாக வாசித்தால் போதும், ட்யூஷன் தேவையில்லை.

நான்காம் வகுப்போடு எல்.பி. பள்ளி முடிந்துவிடும். ஐந்து முதல் ஏழு வரை யு.பி. அடுத்துச் சேர்க்க நினைக்கும் பள்ளியில் தமிழ் மீடியம் டிவிஷன் இருக்கிறதா என்று கிறிஸ்துமஸ் பரீட்சைக்கு முன்பே நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். டி.சி. வாங்கிய பிறகு விசாரித்து, இல்லை என்று தெரிந்து மலையாள மீடியத்தில் சேர்த்தால், பிள்ளை ஐந்தாம் வகுப்பில் கணக்கையும் அறிவியலையும் புது மொழியில் படிக்க வேண்டியிருக்கும்.