வேலைக்குப் போகிற வீட்டில் கொலு: படி கட்டுவது முதல் பரணில் ஏற்றுவது வரை

மகாளய அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி தொடங்கிவிடும். ஒன்பது நாளும் மாலையில் விளக்கேற்றி, சுண்டல் நைவேத்தியம் செய்து, வருகிறவர்களுக்குத் தாம்பூலம் கொடுக்க வேண்டும். அதற்காக அலுவலகத்தில் ஒன்பது நாள் விடுப்பு கிடைக்காது. கை வேலைகள் எல்லாவற்றையும் அமாவாசைக்கு முந்தைய இரண்டு வாரக் கடைசிகளில் முடித்துவிட்டால், பிறகு தினமும் முக்கால் மணி நேரம் போதும்.

முதல் வாரக் கடைசியில் பெட்டிகளைத் திறந்து பொம்மைகளைப் பாருங்கள். பழைய மண் பொம்மைகள் பலவற்றில் நீர்ச்சாயம்தான் பூசியிருப்பார்கள். ஈரத்துணி பட்டால் முகமே அழிந்துவிடும். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டிவிட்டால் போதும். கையோ விரலோ உடைந்திருந்தால் எம்-சீல் வைத்து ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, அக்ரிலிக் வண்ணம் தொட்டுக்கொள்ளலாம். காகிதக்கூழ் பொம்மைக்கு எம்-சீல் கனம் அதிகம். ஃபெவிகாலும் டிஷ்யூ காகிதமும் போதும்.

படிகள் 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படையில் வரவேண்டும். ஒவ்வொரு படியும் 9 அங்குல உயரம், 9 அங்குல ஆழம் இருந்தால் நடுத்தர பொம்மை பத்திரமாக நிற்கும். எட்டு முழ வேட்டி சுமார் 3.6 மீட்டர் நீளம். ஏழு படிக்கு அது அளவாகச் சரியாக வரும், ஐந்து படிக்குத் தாராளம். அகலம் ஏறக்குறைய நாலு அடிதான் என்பதால் படியும் நாலு அடிக்குள் இருந்தால் ஒட்டுப் போட வேண்டாம்.

பொம்மை சாய்வதற்குப் பெரும்பாலும் துணியே காரணம். மேலிருந்து கீழே இழுத்துக் கட்டினால் ஒவ்வொரு படியின் உள்மூலையிலும் துணி அந்தரத்தில் நிற்கும். அதன்மேல் பொம்மையை வைத்ததும் துணி அமுங்கி, மேல்படித் துணியையும் சேர்த்து இழுக்கும். மேல் படியில் துணியைப் பின் குத்திவிட்டு, ஒரு மர ஸ்கேலால் உள்மூலைக்குள் நன்றாக அழுத்தித் தள்ளி, அங்கே இரண்டு பின் குத்திய பிறகே அடுத்த படிக்கு இறங்குங்கள். கனமான பொம்மைகளைப் படியின் பின்பக்கம் நகர்த்தி வையுங்கள்.

அமாவாசையன்று கலசத்தையும் மரப்பாச்சி ஜோடியையும் முதலில் மேல்படியில் வைத்துவிடுங்கள். மற்றவற்றை இரவுக்குள் அடுக்கினால் போதும். கடைசிப் படியில் செட்டியார் கடைக்கு இடம் விட மறக்காதீர்கள்.

படிக்குப் பக்கத்தில் அமைக்கும் பூங்காதான் வீட்டுப் பிள்ளைகளின் கைவண்ணத்துக்கு ஏற்ற இடம். கடுகும் வெந்தயமும் தூவி ஐந்தாறு நாளில் இரண்டு அங்குலப் பயிர் வந்துவிடும், ஆகவே அமாவாசைக்கு ஐந்து நாள் முன்னால் விதையுங்கள். அகலமான தட்டில் ஒரு அங்குலம் தேங்காய் நார்த்தூள் பரப்பி, ஊறிய விதையைத் தூவி, தெளிப்பானால் காலையும் மாலையும் நனைத்தால் போதும். குவளையால் ஊற்றினால் விதை ஒரு பக்கம் ஒதுங்கி, பூஞ்சை பிடித்துவிடும். முளைத்ததும் ஜன்னல் ஓரத்துக்கு மாற்றுங்கள். இருட்டில் வளர்ந்த பயிர் வெளுத்து நீண்டு மூன்றாம் நாள் படுத்துவிடும். பூங்காவின் குளத்துக்குத் தண்ணீரைவிட முகம் பார்க்கும் கண்ணாடி நல்லது. படிக்குப் பக்கத்தில் சீரியல் விளக்கின் வயர் ஓடும் இல்லையா?

இனி சுண்டல். 250 கிராம் கொண்டைக்கடலை வெந்தால் இரு மடங்குக்கு மேல் எடை வரும், சிறு கிண்ணத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்குக் கொடுக்கலாம். பத்து மணி நேரம் ஊறி, குக்கரில் 4 விசில், பிறகு சிறு தீயில் 5 நிமிடம். பட்டாணிக்கு ஊறல் 8 மணி நேரம், 2 விசில். கடலைப்பருப்பு ஒரு மணி நேரம் ஊறினால் போதும். குக்கரில் போடாமல் திறந்த பாத்திரத்தில் வேகவிட்டு, நசுக்கினால் உடையவேண்டும், குழையக் கூடாது என்ற பதத்தில் வடித்துவிடுங்கள். காலையில் ஊறப்போட்டு மாலையில் வந்து வேகவைக்கிறவர்கள் பாத்திரத்தை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போகலாம். வெளியே இருந்தால் நுரைத்துவிடும்.

ஊறியும் கடலை வேகவில்லை என்றால் கடலை பழசாக இருக்கும், அல்லது போர்த் தண்ணீராக இருக்கும். அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து தோலை இறுக்கிவிடும். குடிதண்ணீரில் ஊறவைத்து அதே மாதிரித் தண்ணீரில் வேகவையுங்கள். எலுமிச்சையும் மாங்காயும் வெந்த பிறகுதான். தாளிப்பில் கடுகு, இரண்டு காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். வெங்காயம், பூண்டு கிடையாது. கால் மூடித் தேங்காய்த் துருவலைப் பரிமாறப் போகும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும், மதியமே கலந்து வைத்தால் இரவுக்குள் ஊசிப்போகும்.

நவராத்திரி வெள்ளிக்கிழமை நைவேத்தியத்துக்கான வெல்லப் புட்டை வியாழன் இரவே செய்துவிடலாம். வறுத்த அரிசி மாவில் உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசிறி ஆவியில் வேகவைத்து, கட்டியில்லாமல் உதிர்த்து வையுங்கள். ஒரு கப் மாவுக்கு முக்கால் கப் வெல்லம். பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வரவேண்டும். அதற்கு முன்னால் மாவில் கொட்டினால் புட்டு களியாகிவிடும். சரியான பாகில் கிளறியது முதலில் ஈரமாகத்தான் தெரியும், இரவெல்லாம் இருந்து காலையில் பொலபொலவென்று உதிரும்.

தாம்பூலப் பைகளில் பாக்கு, மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி எல்லாவற்றையும் முன்கூட்டியே போட்டு வைக்கலாம். வெற்றிலையும் பழமும் மட்டும் அன்றன்றைக்கு.

சரஸ்வதி பூஜைக்கு வைத்த புத்தகத்தை விஜயதசமி காலைவரை எடுக்கக் கூடாது. பரீட்சை இருக்கிற பிள்ளைக்குத் தேவையான பக்கங்களை முதல் நாளே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். அலுவலகத்து ஆயுத பூஜையில் உடைக்கிற பூசணியைச் சாலை நடுவில் விடாதீர்கள், இருசக்கர வண்டி சறுக்கி ஆள் விழும்.

விஜயதசமி இரவு ஆரத்தி எடுத்து ஒரு பொம்மையைப் படுக்க வையுங்கள். மறுநாள் இறக்கும் முன், படிப்படியாக ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் அடுக்க உதவும். பொம்மையை முதலில் பழைய பருத்தித் துணியில் சுற்றி, அதன்மேல்தான் செய்தித்தாள். நேராகச் சுற்றினால் அச்சு மை முகத்தில் ஒட்டிக்கொள்ளும். காகிதக்கூழ் பொம்மையை எலி கடிக்கும், ஆகவே அவை தகரப் பெட்டியில். வசம்புத் துண்டு இரண்டு போட்டு, மூடியில் உள்ளே இருப்பவற்றின் பெயரை எழுதி ஒட்டுங்கள். கனமான பெட்டி அடியில், மரப்பாச்சி கடைசியில், மேலாக.