பலூ தம்பியை எங்கே வைக்கக் கூடாது?

போன வருடம் உறவுக்காரப் பெண்ணின் காதணி விழாவுக்கு அழைப்பிதழ் செய்து கொடுத்தேன். தலைப்புக்கு பலூ தம்பி என்ற தமிழ் எழுத்துரு. பார்க்க அழகாக இருக்கிறதே என்று, கீழே வரும் தாய்மாமன்கள் பெயர்களையும் அதிலேயே, மிகத் தடித்த வடிவில், 8 பாயின்ட் என்ற பொடி அளவில் போட்டுவிட்டேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது குறை தெரியவில்லை. அச்சாகி வந்ததும் ‘கண்ணன்’ என்ற பெயரில் மூன்று சுழி எது, இரண்டு சுழி எது என்றே தெரியவில்லை. சுழிக்குள் இருக்க வேண்டிய வெள்ளை இடம் மையில் அடைபட்டு, வெறும் கறுப்புத் திட்டாக நின்றது.

பலூ தம்பியில் பெரும்பாலானவர்கள் செய்கிற முதல் தவறு இதுதான். மும்பையின் ஏக் டைப் குழு உருவாக்கிய பலூ, தலைப்புக்கான எழுத்துரு. கொழுகொழுவென்ற கோடு, மழுங்கிய மூலை, லேசான துள்ளல். ஒன்பது இந்திய எழுத்துமுறைகளுக்கு அது உண்டு. பெயரும் அந்தந்த ஊர் உறவுமுறைதான். மலையாளத்துக்குச் சேட்டன், பஞ்சாபிக்குப் பாஜி, நமக்குத் தம்பி. குழந்தைகள் புத்தகத்தின் அட்டை, ஐஸ்கிரீம் கடை போர்டு, யூடியூப் தம்ப்நெயில் எல்லாவற்றுக்கும் அருமையாகப் பொருந்தும். பத்தி பத்தியாகப் படிக்க வேண்டிய இடத்தில் மட்டும் வேண்டாம். அங்கே நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி மெலிந்த ஒன்றைப் போடுங்கள். தம்பிதான் வேண்டும் என்றால் பலூ தம்பி 2-ஐ எடுங்கள். அதில் சாதாரணத்திலிருந்து மிகத் தடித்தது வரை ஐந்து தடிமன்கள் இருக்கின்றன. சிறிய எழுத்துக்கு சாதாரணமே போதும்.

தடிமன் போதவில்லை என்று கோரல் டிரா மென்பொருளில் அவுட்லைன் (எழுத்தைச் சுற்றிக் கோடு) கொடுத்து இன்னும் பருமனாக்குவதும், ஃபிளெக்ஸ் அகலத்துக்கு இழுத்து நீட்டுவதும் எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். வட்டமான சுழி முட்டை வடிவமாகிவிடும். அந்த வட்டம்தானே தம்பியின் முகம்! இடம் மிச்சமிருந்தால் அளவைக் கூட்டுங்கள், இல்லையென்றால் இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

வரி இடைவெளியை நெருக்குவதும் தவறு. மேல்வரியின் ‘பு’, ‘ழு’ கால்கள் கீழ்வரியின் ‘கீ’, ‘மீ’ மேல்சுழிகளில் இடிக்கும். எழுத்து 20 பாயின்ட் என்றால் வரிக்கு 28 பாயின்டாவது விடுங்கள்.

அப்புறம், பாமினி என்ற பழைய முறை எழுத்துருவில் அடித்த மேட்டரைக் கொண்டுவந்து எழுத்துருவை மட்டும் மாற்றினால் ஆங்கிலக் குப்பைதான் வரும். தம்பி யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) முறை எழுத்துரு, முதலில் மேட்டரை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ‘கொ’, ‘கை’ உடைந்து கொம்பு இடம் மாறி நின்றால் எழுத்துருவைக் குறை சொல்லாதீர்கள். பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

தமிழைத் தம்பியில் போட்டுவிட்டுப் போன் நம்பரை டைம்ஸ் நியூ ரோமனில் போடுகிறார்கள். தேவையே இல்லை, தம்பிக்குள்ளேயே ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கின்றன.

கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் தம்பி வேண்டவே வேண்டாம். சிரித்த முகத்தோடு துக்க வீட்டுக்குள் நுழைவது போலிருக்கும். நீதிமன்ற அறிவிப்பு, மருந்துச் சீட்டு ஆகியவற்றுக்கும் இது ஆகாது.

காசு கொடுக்க வேண்டுமோ என்ற பயம் மட்டும் வேண்டாம். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், திறந்த உரிமம், வியாபார வேலைக்கும் பயன்படுத்தலாம். அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்துகளைக் கர்வாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, நிஜ அளவில் ஒரு பிரிண்ட் எடுத்து, கண்ணாடி போடுகிற வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்துப் பெயர்களை வாசிக்கச் சொல்லுங்கள்.